கம்பிக்கும் வலைக்கும் நடுவே ஒரு விரிசல்

கான்கிரீட்டை அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். அதன் இழுவலிமை, அமுக்க வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்டவே கம்பி கட்டுகிறார்கள். ஆனால் கான்கிரீட் மயிரிழையாகவாவது விரிந்த பிறகே கம்பி முழுமூச்சாக வேலை செய்யத் தொடங்கும். அதனால்தான் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, பொதுவாக 0.3 மில்லிமீட்டர் வரையிலான விரிசலைப் பொறுத்துக்கொள்கிறது. விரிசல் எங்கே விழும், எவ்வளவு வாய் திறக்கும் என்பதைக் கணிப்பதுதான் கடினம்.

இந்தக் கணிப்புக்காகக் கணினி கட்டடத்தை வலைபோலச் சிறு கூறுகளாக வெட்டிக் கணக்கிடுகிறது. 1967இல் என்கோ, ஸ்கோர்டலிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் உத்தரங்களுக்கு இம்முறையைக் கையாண்டபோது, விரிசலைக் கூறுகளின் விளிம்பிலேயே வைத்தார்கள். அது ஓடும் தடத்தை முன்பே சொல்லிவிட வேண்டியிருந்தது. மறு ஆண்டே ரஷீத் என்ற ஆய்வாளர் வேறு வழி பிடித்தார். கோடாக வரையாமல், விரிசலைக் கூறு முழுவதிலும் பூசிவிட்டார். அதாவது, பிளவுக்குக் குறுக்கான திசையில் அக்கூறின் விறைப்பைக் குறைத்துவிட்டார். வசதியான தந்திரம்தான். சிக்கல் பின்னர் தெரிந்தது: வலையை நுணுக்க நுணுக்க, அதே உத்தரம் கணக்கில் பலவீனமாகிக்கொண்டே போனது. விடை கான்கிரீட்டைப் பொறுத்து அமையாமல், வலை போட்டவரின் கையைப் பொறுத்து அமைந்தது.

ஸ்வீடனின் ஹில்லர்போர்க் குழு 1976இல் ஒரு சாவி கொடுத்தது. கான்கிரீட் சட்டென்று பிளப்பதில்லை. விரிசலின் இரு கரைகளையும் ஜல்லிகள் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும், பிடி மெல்லத் தளரும். ஒரு சதுர மீட்டர் பிளவை முழுதாகத் திறக்கச் சாதாரணக் கான்கிரீட்டில் சுமார் 100 ஜூல் ஆற்றல் செலவாகும். பத்துக் கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் உழைப்பு அவ்வளவே. 1983இல் பஷாண்ட், ஓ என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த ஆற்றலைக் கூறின் அகலத்தோடு பொருத்தியதால், ரஷீத்தின் பூச்சு முறையும் வலையின் பிடியிலிருந்து பெருமளவு விடுபட்டது.

எளிய கணிப்பிலும் வலை ஏமாற்றும். நார்வேயின் ஸ்டவாங்கர் அருகே 1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்லைப்னர் ஏ எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காகக் கடலில் அமிழ்த்தியபோது அறைச்சுவர் ஒன்று பிளந்தது. பம்புகள் இறைப்பதைவிட வேகமாக நீர் புகுந்து, அடித்தளம் முழுவதும் மூழ்கியது. அங்கே விரிசல் மாதிரி எதுவும் கையாளப்படவில்லை. சாதாரண மீள்மைக் கணக்குதான். அதற்கு முரட்டு வலை போட்டதால், சுவரின் வெட்டுத்தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. கம்பிகளின் நுனிப் பிடிமானமும் போதவில்லை. பின்னர் கவனமாக மீண்டும் கணக்கிட்டபோது, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உடைந்தது 65 மீட்டரில்.