ஒவ்வொரு பீப்பாய்க்கும் விலை நகரும்

கணினி விளையாட்டில் கப்பல் என்றதும் பீரங்கிதான் நினைவுக்கு வரும். 'பேட்ரிஷியன் 3'-லும் பீரங்கி உண்டு, கடற்கொள்ளையரும் உண்டு. ஆனால் இந்த ஆட்டத்தின் உயிர் சந்தைக் கூடத்தில் இருக்கிறது. உப்பு, மீன், பீர், கம்பளி, கீல், செங்கல் என்று 20 வகைச் சரக்கு. லண்டன் முதல் நோவ்கோரோத் வரை, வடகடலையும் பால்டிக் கடலையும் நம்பி வாழும் ஊர்கள். கையில் ஒரு சிறு கப்பலும் கொஞ்சம் பொற்காசும். இவற்றை வைத்துக்கொண்டு, 14-ஆம் நூற்றாண்டில் ஒரு வியாபாரியாகப் பிழைத்துக் காட்ட வேண்டும்.

ஜெர்மனியின் கூட்டர்ஸ்லோ ஊரைச் சேர்ந்த ஆஸ்கான் நிறுவனம் 1992-ல் இதன் முதல் பாகத்தை வெளியிட்டது. ஆஸ்கரோன் என்று பெயர் மாறிய பின் 2000-ல் இரண்டாம் பாகம் வந்தது. அதன் விரிவான வடிவமே 2003-ல் மூன்றாம் பாகமாக உலகச் சந்தைக்குப் போனது. 2010-ல் நான்காம் பாகமும் வந்தது என்றாலும், கட்டமைப்பில் மூன்றாவதே சிறந்தது என்பது என் கருத்து.

காரணம், அதில் சரக்கின் விலை நகரும் விதம். சந்தைக் கூடத்தைத் திறந்தால் ஒவ்வொரு சரக்கும் ஊரில் எவ்வளவு கையிருப்பு, இப்போது என்ன விலை என்று தெரியும். கையிருப்பு குறையக் குறைய விலை ஏறும். பெருகப் பெருக இறங்கும். ஓர் ஊரில் பீர் பீப்பாய் 35 காசு என்று வைத்துக்கொள்வோம். நாம் ஏற்ற ஏற்ற அது 36, 37 என்று நகர்ந்து, ஐம்பதாவது பீப்பாயில் 45-ஐத் தொட்டுவிடும். அக்கரையில் 50-க்கு விற்கிறதே என்று மொத்தத்தையும் கொண்டுபோய் இறக்கினால், முதல் பீப்பாய்தான் 50-க்குப் போகும். கடைசிப் பீப்பாய்க்கு 40 கிடைப்பதே கஷ்டம். வாங்கும்போது விலையை ஏற்றிவிடுவதும் நாம்தான், விற்கும்போது அடித்துவிடுவதும் நாம்தான். எந்தப் பீப்பாயோடு கையை நிறுத்திக்கொள்வது என்று பிடிபட்டுவிட்டால் பாதி ஆட்டம் வசப்பட்டதுபோல.

இன்னொரு நுட்பம், தகவல். நம் கப்பல் நிற்கும் துறைமுகத்திலோ, நமக்குக் கிட்டங்கி உள்ள ஊரிலோ மட்டும்தான் விலையைப் பார்க்க முடியும். மற்ற ஊர்களின் நிலவரம் ஊகம்தான். இந்த ஆட்டம் சித்தரிக்கும் ஹன்சா வணிகக் கூட்டணியின் நிஜ வணிகரும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். ஹில்டபிராண்ட் ஃபெக்கிங்ஹூசன் என்ற வணிகர் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் இருந்துகொண்டு பால்டிக் கரை முழுக்க வியாபாரம் செய்தார். அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக 500-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. எங்கே எது தேங்கிக் கிடக்கிறது, எதற்குத் தட்டுப்பாடு, எந்தக் கப்பல் வந்து சேர்ந்தது என்பதே அவற்றின் பேச்சு. 1407-ல் கூட்டாளிகளோடு வெனிஸ் நகரத்துக்கு மென்மயிர்த் தோல் அனுப்பும் தொழிலைத் தொடங்கினார். அது கடைசியில் நஷ்டத்தில் முடிந்தது. கடன் பெருகி, 1422-ல் புரூஜ் நகரிலேயே சிறைக்குப் போனார். மூன்று ஆண்டுகள் கழித்து வெளியே வந்தவர் 1426-ல் இறந்துபோனார். விளையாட்டில் திவாலானால் பழைய பதிவிலிருந்து மறுபடி தொடங்கிவிடலாம்.

ஹன்சா என்பது வட ஐரோப்பிய வணிகர்களின், பிறகு அவர்களுடைய நகரங்களின் கூட்டணி. லூபெக் அதன் தலைமை ஊர். அதன் செல்வத்துக்கு அடிப்படை உப்பும் மீனும். ஸ்வீடனின் தென்முனையான ஸ்கோனெ கரையில் ஹெரிங் மீன் குவியும். கொழுப்பு மிகுந்த மீன். உடனே உப்பிடாவிட்டால் கெட்டுவிடும். உப்பு லூனெபர்க் சுரங்க ஊற்றுகளிலிருந்து லூபெக் வழியாக வந்தது. தவக்காலத்தில் இறைச்சியை விலக்கிய கிறிஸ்தவ ஐரோப்பா முழுவதும் அந்த மீனுக்குச் சந்தையானது. நார்வேயின் பெர்கனிலிருந்து உப்பில்லாமல் காற்றிலேயே உலர்த்திய காட் மீன் கருவாடு, நோவ்கோரோதிலிருந்து மென்மயிர்த் தோலும் தேன்மெழுகும், இங்கிலாந்திலிருந்து கம்பளி. இவற்றைச் சுமந்த 'காக்' என்ற ஒற்றைப் பாய்மரக் கப்பலை நேரிலேயே பார்க்கலாம்: 1962-ல் பிரேமன் நகரில் ஆற்றைத் தூர்வாரும்போது கிடைத்த ஒன்று, சுமார் 23 மீட்டர் நீளம், 1380-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது, பிரேமர்ஹாவன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

விளையாட்டிலும் சரக்குகள் இப்படித்தான் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. பீர் வடிக்கத் தானியமும் மரமும் வேண்டும், இரும்புச் சாமான் செய்ய இரும்பும் மரமும் வேண்டும், துணிக்குக் கம்பளி. மரம் ஏற்றிவரும் கப்பல் ஒன்று தாமதமானால் எங்கோ ஒரு பட்டறை நின்றுபோகும். வேலை இருக்கும் ஊருக்கு மக்கள் வந்து சேருவார்கள். பசித்த ஊரில் அதிருப்தி பெருகும். இந்த ஆட்டத்தை நான் மதிப்பது இதற்காகத்தான். ஓர் ஊரின் தானியத்தை வழித்தெடுத்து விலையேற்றிக் கொழிப்பது ஓரிரு முறை பலிக்கலாம். ஆனால் மேயர் தேர்தலில் நிற்கும்போது நற்பெயர் வேண்டும். தட்டுப்பாட்டில் சரக்கு கொண்டுவந்தது, தேவாலயத்துக்குக் கொடுத்தது, ஏழைகளுக்குச் சோறு போட்டது எல்லாம் அங்கே கணக்கில் வரும்.

வரலாற்றை இது நெளித்த இடங்களும் உண்டு. ஆட்டத்தின் உச்சப் பதவி ஹன்சா முழுமைக்கும் தலைவர் ஆவது. இடைக்கால ஹன்சாவில் அப்படியொருவர் இருந்ததே இல்லை. நிலையான படையோ பொதுக் கருவூலமோகூட அதற்குக் கிடையாது. 1356-லிருந்து நகரங்களின் பிரதிநிதிகள் தேவைப்பட்டபோது கூடிப் பேசினார்கள், அவ்வளவே. அதைவிடப் பெரிய குறை, தனியுடைமை. இங்கே கப்பல் முழுதும் நம்முடையது. நிஜத்தில் ஒரு கப்பலில் எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்று பலர் சேர்ந்து வைத்திருந்தார்கள். சரக்கையும் பல கப்பல்களில் பிரித்து ஏற்றினார்கள். ஒரு கப்பல் மூழ்கினாலும் எவரும் ஒரேயடியாக அழியாமல் இருக்க அவர்கள் கண்ட வழி அது. இதை ஆட்டத்தில் சேர்த்திருந்தால் இன்னும் ஆழம் கூடியிருக்கும்.

பேட்ரிஷியன் 3 இன்றும் இணையக் கடைகளில் விற்பனையில் இருக்கிறது. சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். புதிதாக விளையாடுபவர்களுக்கு ஒரு யோசனை: கப்பல்களைத் தானாகவே வாங்கி விற்க விடும் வசதியை முதலில் தொட வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் உள்ள மூன்று ஊர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பீர், தானியம், மீன் விலையை ஒரு தாளில் எழுதி வாருங்கள். எந்தச் சரக்கை எங்கே எத்தனை காசுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடிந்த பிறகு இரண்டாவது கப்பலை வாங்கலாம்.