மாவுக்குள் ஒளிந்த ரப்பர்!

குட்டீஸ், அம்மாவிடம் கேட்டு ஒரு கைப்பிடி மைதா வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு அந்த உருண்டையைத் தண்ணீருக்குள் வைத்து மெல்லக் கசக்குங்கள். தண்ணீர் பால்போல வெளுக்கும். அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால், கடைசியில் ரப்பர் மாதிரி இழுபடும் ஒன்று கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன்! கோதுமையில் இருக்கும் புரதம். பரோட்டா மாவை வீசி வீசி விரிக்க முடிவது இதனால்தான்.

நம்மில் பெரும்பாலோருக்கு இந்த ரப்பரால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் சிலருக்கு இதுவே எதிரி! அவர்கள் கோதுமை சாப்பிட்டால், உடலின் காவல் படை குழம்பிப்போய் சொந்தக் குடலையே தாக்கும். உணவின் சத்தை உறிஞ்சுவது சிறுகுடலின் குடலுறிஞ்சிகள்தானே? அவை தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், ரத்தசோகை எல்லாம் வரும். உயரமும் கூடாது. இதற்கு சீலியாக் நோய் என்று பெயர்.

ஒரு காலத்தில் இதன் காரணம் யாருக்கும் தெரியவில்லை. பல குழந்தைகள் மெலிந்து மெலிந்தே இறந்துபோனார்கள். மர்மத்தை உடைத்தவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தைகள் டாக்டர் வில்லெம் டிக்கே. 1930களிலேயே அவருக்குக் கோதுமை ரொட்டி மேல் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில், இரண்டாம் உலகப் போரால் அங்கே கடும் பஞ்சம். மக்கள் டியூலிப் செடியின் கிழங்கைக்கூடத் தின்றார்கள். ஊரே வாடிய அந்த நாட்களில், சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள்.

டிக்கே ஒவ்வொரு தானியமாகக் கொடுத்தும் நிறுத்தியும் பார்த்து, கோதுமைதான் காரணம் என்று 1950இல் எழுதினார். 1952இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் டாக்டர்கள் மாவுச்சத்தையும் குளூட்டனையும் தனித்தனியே கொடுத்துச் சோதித்தார்கள். வெள்ளைத் தண்ணீரில் போன மாவுச்சத்து நிரபராதி. ரப்பர்தான் குற்றவாளி!

இன்று கண்டுபிடிப்பது எளிது. குளூட்டனால் கோபமான உடல், சில எதிர்ப்பொருள்களை ரத்தத்தில் விடும். கொஞ்சம் ரத்தம் எடுத்து அவற்றைத் தேடுவார்கள். இருந்தால், எண்டோஸ்கோப்பி என்ற மெல்லிய கேமரா குழாயால் சிறுகுடலைப் பார்த்து, துளித்துளியாகச் சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் ஆராய்வார்கள். மயக்க மருந்து கொடுத்துவிடுவதால் வலி தெரியாது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். 'கோதுமைதான் ஒத்துக்கொள்ளவில்லை போல' என்று தாங்களாகவே பூரி, சப்பாத்தியை நிறுத்திவிட்டுப் பிறகு டாக்டரிடம் போகிறார்கள். திருடன் வராத தெருவில் நாய் குரைக்குமா? குளூட்டன் வராவிட்டால் எதிர்ப்பொருளும் குறைந்துவிடும். குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும், 'இல்லை' என்று முடிவு வரலாம்! அதனால் பரிசோதனை முடியும்வரை வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்வார்.

சிலருக்கு சீலியாக் நோயும் கோதுமை அலர்ஜியும் இருக்காது. ஆனாலும் குளூட்டன் ஒத்துக்கொள்ளாது. இதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. டாக்டரின் மேற்பார்வையில் கோதுமையை நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்ப்பார்கள். ஆமாம், டிக்கே தாத்தாவின் அதே வழிதான்!

சீலியாக் நோய் என்று உறுதியானால், கோதுமை, ரவை, மைதா, பார்லி எதுவும் வாழ்நாள் முழுக்கக் கூடாது. கடைப் பெருங்காயத் தூளில்கூட மைதா கலந்திருப்பது உண்டு. பாக்கெட்டைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். ஆனால் அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். இட்லியும் தோசையும் இருக்கும்போது கவலை எதற்கு?

கோதுமை அதிகம் சாப்பிடும் வட இந்தியாவைவிட நம் பக்கம் இந்த நோய் குறைவுதான். ஆனால் இல்லாமல் இல்லை. அடிக்கடி வயிறு படுத்தினால் மறைக்காமல் அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் யாராவது பிறந்தநாள் கேக்கை வேண்டாம் என்றால், 'ஒரே ஒரு துண்டு' என்று வற்புறுத்தாதீர்கள். அந்த ஒரு துண்டே அவர்கள் குடலைக் காயப்படுத்திவிடும். ஒரு கடலை மிட்டாய் கொடுங்களேன், சேர்ந்து சாப்பிடலாம்!