கேமரா இருக்கும்போது அகழாய்வுக் குழியில் ஓவியருக்கு என்ன வேலை? துட்டன்காமன் முதல் அரிக்கமேடு வரை

1922 நவம்பர் 4. எகிப்தின் மன்னர்கள் பள்ளத்தாக்கில் மண்ணுக்கு அடியில் ஒரு கல் படி தட்டுப்பட்டது. சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட இளம் மன்னர் துட்டன்காமனின் கல்லறைக்குப் போகும் வழி அது. அதைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரின் பெயர் உலகம் முழுக்கப் பிரபலம்.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கார்ட்டர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் தொல்லியல் படித்தவர் அல்ல. 17 வயதில் அவர் எகிப்துக்கு வந்ததே படம் வரையத்தான்.

படம் வரைய வந்த பையன்

கார்ட்டரின் அப்பா விலங்குகளை வரைவதில் பெயர் பெற்ற ஓவியர். மகனுக்கும் அந்தக் கை வந்தது. 1891-ல் பெனி ஹசன் என்ற இடத்தில் கல்லறைச் சுவர் ஓவியங்களைப் பிரதி எடுக்கும் வேலைக்கு அவரை அழைத்து வந்தார்கள். பிறகு டெய்ர் எல் பஹ்ரியில், பெண் அரசி ஹட்ஷெப்சுட்டின் கோயில் சுவர்களைப் பல ஆண்டுகள் வரைந்தார்.

தொல்லியல் துறையில் ஆய்வாளர் பதவி கிடைத்தது. 1905-ல் அதை விட்டு விலக வேண்டி வந்தபோது, சுற்றுலாப் பயணிகளுக்கு வாட்டர் கலர் படங்கள் விற்றுத்தான் சில காலம் பிழைத்தார். லார்ட் கார்னர்வானின் அகழாய்வுக்குத் தலைமை ஏற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மம்மியின் துணிக்குள் என்ன இருந்தது?

துட்டன்காமன் கல்லறையில் 5,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் இருந்தன. எல்லாவற்றையும் பதிவு செய்து வெளியே கொண்டுவர சுமார் 10 ஆண்டுகள் பிடித்தன. ஹாரி பர்ட்டன் என்ற திறமையான புகைப்படக்காரர் கூடவே இருந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் எண் அட்டை வைத்துப் படம் எடுத்தார். இருந்தும் கார்ட்டர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

ஏன் என்பது 1925 நவம்பரில் புரிந்தது. மன்னரின் உடலைச் சுற்றியிருந்த துணி, மேலே ஊற்றிய தைலங்களால் கரித்தூள் போல ஆகியிருந்தது. தொட்டால் உதிரும். அடுக்கடுக்காக அந்தத் துணியை விலக்கியபோது உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட நகைகள், தாயத்துகள். ஓர் அடுக்கை எடுத்தால்தான் அடுத்தது தெரியும். எடுத்த அடுக்கை மறுபடி வைக்க வழியே இல்லை. அதனால் ஒவ்வொரு அடுக்கிலும் எந்தப் பொருள் உடலின் எந்த இடத்தில் இருந்தது என்று கார்ட்டர் வரைந்துகொண்டே போனார்.

வலது தொடை அருகே ஒரு இரும்புக் குத்துவாள் கிடைத்தது. அது விண்கல் இரும்பு என்று 2016-ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. இன்று வாள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த துணி போய்விட்டது. அது கிடந்த நிலைக்கு பர்ட்டனின் படங்களும் கார்ட்டரின் வரைபடங்களும்தான் சாட்சி.

வண்ணத்துக்கு ஒரு நினா

அந்தக் காலத்துப் புகைப்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. கல்லறைச் சுவர்களின் வண்ணத்தை யார் பதிவு செய்வது? அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் நினா டேவிஸ். 1907-ல் கணவர் நார்மனுடன் லக்சர் பகுதிக்கு வந்தவர், கல்லறைக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். வாட்டர் கலரைவிட அடர்த்தியான டெம்பரா வண்ணத்தைப் பயன்படுத்தினார். எங்கே பூச்சு பெயர்ந்திருந்ததோ அங்கே பெயர்ந்த மாதிரியே வரைந்தார். அழகுக்காக எதையும் நிரப்பவில்லை. அவர் வரைந்த சில சுவர்கள் பிற்பாடு சிதைந்துவிட்டன. அங்கெல்லாம் அவர் பிரதிதான் இன்று ஆதாரம்.

சரி, இன்று ஒரு கிளிக் போதாதா?

போதாது. அகழாய்வு என்பதே ஒரு வகையில் அழிப்பு வேலை. ஒரு மண்ணடுக்கைத் தோண்டிவிட்டால் தோண்டியதுதான். மறுபடி போய்ப் பார்க்க அது அங்கே இருக்காது.

கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்யும். நிழல், வேர், ஈரத் திட்டு, எலி வளை எல்லாமே படத்தில் ஒன்றுபோல இருக்கும். எது பழைய தரை, எது பிறகு யாரோ வெட்டிய குழி என்று கேமரா சொல்லாது. வரைகிறவர் சொல்லியே ஆக வேண்டும். கோடு போட்டாக வேண்டுமே! அதற்காகக் கரண்டியால் சுரண்டிப் பார்க்கிறார், மண்ணைத் தொட்டுப் பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடுகிறார். ஆக, அந்த வரைபடம் ஒரு முடிவும்கூட.

எப்படி வரைகிறார்கள்?

ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, தரைமேல் வைக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருப்பதை வரைபடத் தாளில், பெரும்பாலும் 20-ல் ஒரு பங்கு அளவில் மாற்றுகிறார்கள். குழியின் பக்கச் சுவரை வரைய, கிடைமட்டமாக ஒரு நூல் கட்டி, அதிலிருந்து ஒவ்வொரு அடுக்குக்கும் அளவு எடுக்கிறார்கள்.

பானை ஓட்டுக்குத் தனி முறை. வாய்ப்பகுதித் துண்டு ஒன்று கிடைத்தால் போதும். வட்டங்கள் வரைந்த அட்டையில் அதன் வளைவைப் பொருத்தி, முழுப் பானையின் வாய் அகலத்தைச் சொல்லிவிடலாம். பானையைப் பாதியாக வெட்டினால் எப்படித் தெரியுமோ அதை ஒரு பக்கமும், வெளித்தோற்றத்தை மறுபக்கமும் வரைவது வழக்கம். எந்த நாட்டுத் தொல்லியலாளர் பார்த்தாலும் புரியும்.

புதுச்சேரி பானை, பாலித் தீவில்

இதன் பலனுக்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 1945-ல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். மண்ணடுக்குகளை அளந்து வரைவதில் கறாரானவர். இத்தாலியில் செய்த பானைகளோடு சேர்ந்து கிடைத்த உள்ளூர்ப் பானைகளை வகை பிரித்து, எண் போட்டு, வரைபடங்களோடு வெளியிட்டார்கள். இத்தாலியப் பானைகளின் காலம் ஏற்கெனவே தெரியும் என்பதால், தென்னிந்தியப் பானைகளுக்கும் காலம் சொல்ல வழி பிறந்தது.

பல ஆண்டுகள் கழித்து, இந்தோனேசியாவின் பாலித் தீவில் செம்பிரான் என்ற இடத்தில் அகழாய்வு நடந்தது. கிடைத்த சில ஓடுகளை ஆய்வாளர்கள் அரிக்கமேட்டு வகைகளோடு ஒப்பிட்டார்கள். 'அரிக்கமேடு 10-ம் வகை' உட்பட சில பொருந்தின. 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய கடல் வணிகத்துக்கு அது முக்கியச் சான்றானது. அரிக்கமேட்டில் அந்தப் பானைகளை வரையாமல் விட்டிருந்தால், பாலியில் கிடைத்தது வெறும் உடைந்த ஓடு!

3டி வந்த பிறகுமா?

இப்போது டிரோன் பறக்கிறது. நூற்றுக்கணக்கான புகைப்படங்களைச் சேர்த்து முழுக் குழியையும் 3டி மாதிரியாக்க முடிகிறது. அளவெடுக்கும் நேரம் மிச்சம், துல்லியமும் அதிகம். ஆனால் அந்த மாதிரியின் மேலும் யாராவது ஒருவர் "இது சுவர், இது குழி" என்று கோடு போட்டாக வேண்டியிருக்கிறது. தாள் போய் டேப்லெட் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த முறை கீழடி அருங்காட்சியகத்துக்கோ வேறு எங்கோ போனால், பானைகளை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பக்கத்தில் குழியின் வரைபடம் ஏதாவது மாட்டியிருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பானை கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அது கிடந்த மண் இப்போது எங்கேயும் இல்லை, அந்தத் தாளில் தவிர.