‘அடங்காத பிள்ளை’ என்ன சொல்கிறது? மலையகத் தோட்டங்களில் பள்ளிக்கு முந்திய ஐந்து ஆண்டுகள்

மலையகத் தோட்டங்களில் சின்னப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் சில சொற்கள் உடனே வந்து விழும். ‘சொன்ன பேச்சுக் கேக்காது’, ‘சரியான முரண்டு’, ‘கிட்டப் போனா கடிக்கும்’, ‘வாயே தொறக்காது’. ஹற்றன், நுவரெலியா பகுதித் தோட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போய்வரும் எனக்கு இந்தச் சொற்கள் பழகிவிட்டன. மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றியும் இப்படித்தான் சொல்கிறார்கள். அடுத்து வரும் வசனமும் அநேகமாக ஒன்றுதான்: ‘பள்ளிக்கூடம் போனா சரியாயிரும்.’

பள்ளிக்கூடம் போனால் தானாகச் சரியாகிவிடுவதில்லை. நெரிசலான தரம் 1 வகுப்பறையில் ஓடித் திரியும் பிள்ளை அடி வாங்குகிறது. பேசாத பிள்ளை மறக்கப்படுகிறது. ‘படிப்பு ஏறாதது’ என்ற பெயர் இரண்டுக்குமே முதல் தவணையிலேயே கிடைத்துவிடலாம். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கடினம்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் முரண்டு பெரும்பாலும் சொல் கிடைக்காத பேச்சு. அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் பள்ளிக்கு முன்பே அந்தப் பிள்ளைக்கு வேண்டும். தோட்டங்களில் அதற்கான இடம் புதிதாகக் கட்டப்பட வேண்டியதில்லை. பிள்ளைக் காம்பரா என்ற பெயரில் அது ஏற்கெனவே இருக்கிறது.

தாயின் கைகளுக்காக வந்த இடம்

பிள்ளைக் காம்பரா பிள்ளைக்காக உருவானதல்ல. கொழுந்து பறிக்கும் தாயின் கைகள் தோட்டத்துக்குத் தேவைப்பட்டன. அந்தக் கைகளில் பிள்ளை இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு மடுவமும், பார்த்துக்கொள்ள ஒரு ஆயாவும் ஏற்பாடாயின. பிள்ளை விழாமல், தொலையாமல், மாலையில் உயிரோடு தாயிடம் திரும்பினால் போதும் என்பதே அதன் கணக்காக இருந்தது.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோது, தொழிலாளர் நலனைக் கவனிக்க ஒரு நிதியம் அமைந்தது. இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படும் அதை மக்கள் ‘ட்ரஸ்ட்’ என்கிறார்கள். பிள்ளைக் காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகவும், ஆயாக்களின் இடம் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்குரியதாகவும் மாறத் தொடங்கின. 2015இல் உலக வங்கி 5 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்த முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தித் திட்டத்திலும் தோட்டங்களின் நிலையங்கள் சேர்க்கப்பட்டன. சில தோட்டங்களில் இப்போது வர்ணம் பூசிய சுவர்களும் விளையாட்டுச் சாமான்களும் இருக்கின்றன. சில இடங்களில் பழைய மடுவம் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு நிற்கிறது.

கட்டடத்தை விட முக்கியமானவர் உள்ளே இருக்கும் அந்தப் பெண். காலை ஏழரை மணி தொடக்கம் பிற்பகல் வரை பிள்ளை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை அவரே பார்க்கிறார். எந்தப் பிள்ளை சாப்பிட மறுக்கிறது, எது கூப்பிட்டால் திரும்புவதில்லை, எது திங்கட்கிழமைகளில் மட்டும் அதிகம் அழுகிறது என்பதெல்லாம் முதலில் தெரிவது அவருக்குத்தான். அந்த அறிவை யாரும் கேட்டுப் பதிவுசெய்வது குறைவு.

முரண்டுக்குப் பின்னால்

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை தரையில் புரண்டு அழுவது எந்த ஊர்ப் பிள்ளைக்கும் இயல்பு. ஆசை பெரிதாக இருக்கும், சொல் போதாது. தன்னை அடக்கிக்கொள்ளும் மூளைப் பகுதி முதிர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். நான்கு வயதளவில் இது குறைந்துவிடும். குறையாமல் கூடிக்கொண்டே போனால் காரணம் தேட வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பக் கண்ட காரணங்கள் நான்கு.

முதலாவது பிரிவு. விடியலில் தூங்கும் பிள்ளையைத் தூக்கிவந்து விட்டுவிட்டு, அது பார்க்காத நேரத்தில் தாய் நழுவிப் போகிறார். பெரட்டுக்குப் பிந்தினால் வேலை இல்லை, கிலோ குறைந்தால் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவும் கூட்டப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. தாயின் அவசரத்துக்குக் காரணம் அன்புக் குறைவு அல்ல. ஆனால் பிள்ளைக்குத் தெரிவது ஒன்றுதான்: கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவார். அதனால் அது கண்ணை எடுக்காது, சேலையை விடாது.

நீண்ட பிரிவும் உண்டு. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போவதை 2013இல் அரசாங்கம் கட்டுப்படுத்தியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்த எல்லை 2 வயதாகத் தளர்த்தப்பட்டது. அம்மாயியிடமோ அப்பாயியிடமோ வளரும் அந்தப் பிள்ளைகளிடம் ‘அம்மா கடைக்குப் போயிருக்கு’ என்று சொல்லப்படுகிறது. மாதங்கள் கடந்தும் கடையிலிருந்து அம்மா வருவதில்லை.

இரண்டாவது உடம்பு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் அது ஏறக்குறைய 32 சதவீதம். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை சிணுங்கும், சோர்ந்து கிடக்கும், ஒன்றில் மனம் நிறுத்தாது. நுவரெலியாவின் குளிரில் ஓயாத சளி காதுக்குள் நீர் கட்ட வைத்தால் கேட்கும் திறன் குறையும். கூப்பிட்டது கேட்காத பிள்ளையைத்தான் பல வேளைகளில் ‘சொன்ன பேச்சுக் கேக்காத’ பிள்ளை என்று அடிக்கிறோம்.

மூன்றாவது வீடு. ஒற்றை லயன் காம்பராவில் பெரியவர்களின் சண்டைக்கும் பிள்ளையின் தூக்கத்துக்கும் நடுவில் சுவர் இல்லை. குடித்துவிட்டு வரும் அப்பாவின் கையைப் பார்த்தே வளரும் பிள்ளை, பிள்ளைக் காம்பராவில் பக்கத்துப் பிள்ளையை அடிக்கும். அல்லது யாராவது கையை ஓங்கினாலே உறைந்துபோகும். தொடர்ந்து அச்சத்தில் இருக்கும் பிள்ளையின் உடல், ஆபத்து இல்லாத நேரத்திலும் ஆபத்துக்குத் தயாராகவே நிற்கும்.

நான்காவது மண். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகளைச் சரித்தது. மழைச் சத்தம் கேட்டாலே அழும் பிள்ளைகளும், பழக்கம் விட்டுப்போயிருந்த படுக்கை நனைத்தல் திரும்பி வந்த பிள்ளைகளும் இன்று மலையகத்தில் இருக்கிறார்கள்.

வன்னி அறிந்த பாடம்

இதை வாசிக்கும் வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு இந்த அறிகுறிகள் புதியவை அல்ல. ஷெல் சத்தத்துக்குப் பின் பேச்சை நிறுத்திய பிள்ளையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வன்னியின் பல குடும்பங்களின் வேர் மலையகத்திலேயே இருக்கிறது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களைவிட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்கு வந்தவர்கள் அவர்கள். யாழ்ப்பாணத்தின் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் காயத்தைத் தனிமனிதரின் நோயாக மட்டும் பார்க்காமல், குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் ஏற்பட்ட காயமாகப் பார்க்கக் கற்றுத்தந்தார். 2009க்குப் பின் மெனிக் பாம் முகாம்களில் சிறுவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் நடந்தவை எளிமையானவை: ஒரே நேரத்துக்குக் கூடுவது, பாடுவது, வரைவது, தெரிந்த ஒரு முகம் தினமும் அங்கே இருப்பது.

தோட்டத்துப் பிள்ளைக்கும் அதுவே முதல் மருந்து. நாள் எப்படிப் போகும் என்று தெரிந்திருப்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு. மலையகத்தின் காயம் ஒரு நாளில் விழுந்த குண்டால் வந்ததல்ல, நாளாந்த வாழ்க்கையிலேயே ஊறியது. ஆகவே மருந்தும் நாளாந்த வாழ்க்கைக்குள்தான் இருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

நழுவிப் போக வேண்டாம். ‘அம்மா மலைக்குப் போறேன், கொழுந்து நிறுத்துட்டு வந்து தூக்கிக்குவேன்’ என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகட்டும். முதல் சில நாட்கள் பிள்ளை அழும். சொன்னபடி அம்மா திரும்பி வருவதைக் கண்டதும் அழுகை குறையும். தாயின் சேலைத் துண்டொன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாலும் பல பிள்ளைகள் அமைதியாகின்றன. வெளிநாட்டிலிருக்கும் தாயைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். வாரத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில் வரும் ஒரு வீடியோ அழைப்பு, நினைத்த நேரத்தில் வரும் பத்து அழைப்புகளை விட மேல்.

உணர்வுக்குப் பெயர் கொடுங்கள். ‘கோவமா இருக்கியா? அவன் பந்தைப் பறிச்சுட்டானா?’ என்று கேட்கும்போது பிள்ளைக்கு ஒரு சொல் கிடைக்கிறது. சொல் கிடைத்த பிள்ளை மெல்ல மெல்லக் கடிப்பதை விடும். அடுத்தவரை அடித்தால் கையைப் பிடித்து நிறுத்தி, ‘அடிக்கக் கூடாது, வலிக்கும்’ என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். நீண்ட புத்திமதி மூன்று வயதுக்கு விளங்காது. நல்லதாக நடந்த கணத்தைக் கண்டு உடனே சொல்வது, தவறைக் கண்டு கத்துவதைவிட வேகமாக வேலை செய்யும்.

பூச்சாண்டி, பொலிஸ், ஊசி போடும் டொக்டர் என்று பயம் காட்டுவதை நிறுத்த வேண்டும். உதவி தேவைப்படும் நாளில் இந்தப் பிள்ளை பொலிஸிடமோ டொக்டரிடமோ எப்படிப் போகும்? அடியும் சூடும் பிள்ளையை அந்த நேரத்துக்கு அடக்கும். ஆனால் பலமுள்ளவர் அடிக்கலாம் என்பதையே கற்றுக்கொடுக்கும். திருநீறு போட்டு, நாவூறு கழித்து மனம் ஆறுவதில் கேடில்லை. அதோடு நின்று, கிளினிக்குக்குப் போகாமல் விடுவதுதான் கேடு.

தரம் 1க்கு முந்திய மாதங்களில் பிள்ளையை ஒருமுறை பாடசாலைக்கு அழைத்துப்போய் வகுப்பறையையும் மலசலகூடத்தையும் காட்டுங்கள். ரீச்சரின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். எதற்குப் பயப்படும், எதில் அமைதியடையும் என்று சிறுவர் நிலைய உத்தியோகத்தர் ஒரு பக்கத்தில் எழுதி ரீச்சரிடம் கொடுத்தால், அந்தப் பிள்ளை முதல் நாளே ‘முரடு’ ஆகாமல் தப்பும்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதிலும் ஒரு சொல் பேசாத பிள்ளை, இரண்டு வயதிலும் இரண்டு சொல் சேர்க்காத பிள்ளை, பேசிய பேச்சை இழந்த பிள்ளை, தன்னையே காயப்படுத்தும் பிள்ளை, பெரும் பயம் ஒன்றுக்குப் பின் ஒரு மாதம் கடந்தும் தூக்கமும் விளையாட்டும் திரும்பாத பிள்ளை: இவர்களுக்குக் காத்திருப்பு கூடாது. பிள்ளை பிறந்தபோது கொடுத்த சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டிலேயே வளர்ச்சிப் படிகள் இருக்கின்றன. நிறை பார்க்கும் நாளில் அந்தப் பக்கத்தைத் திறந்து குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டலாம். அவர் சுகாதார வைத்திய அதிகாரிக்கும், அங்கிருந்து டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்ட வைத்தியசாலைக்கோ வழிகாட்டலாம். காதைச் சோதிக்கும்படி தாய் கேட்பது அவருடைய உரிமை. பிள்ளை துன்புறுத்தப்பட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. உளநல ஆலோசனைக்கு 1926.

ஒரு தாய் பிள்ளையோடு கிளினிக் போகும் நாளில் பேர் விழாது என்பதும் இதில் அடங்கும். தொலைவு, பஸ், ஒரு நாள் சம்பளம் என மூன்றும் சேர்ந்து தடுக்கும்போது, ‘பெற்றோருக்கு அக்கறையில்லை’ என்று சொல்வது நியாயமில்லை. வளர்ச்சிச் சோதனைக்குப் போகும் நாளைச் சம்பளத்தோடு கொடுக்கக் கம்பனிகளால் முடியும். மாதத்தில் ஒரு நாள் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரைத் தோட்டத்துக்கே அனுப்பச் சுகாதார அமைச்சு யோசிக்க வேண்டும். சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரின் சம்பளத்தையும் பயிற்சியையும் கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்களில் ஒரு கோரிக்கையாகத் தொழிற்சங்கங்கள் வைக்கலாம்.

கட்டடம் இருக்கிறது, பிள்ளைகளை அறிந்த பெண்ணும் அங்கே இருக்கிறார். அவர் கவனித்ததைக் கேட்டு எழுதி, உரிய இடத்துக்குக் கொண்டுபோகும் ஒழுங்குதான் இல்லை. பிள்ளை அடங்கியிருக்கிறதா என்று மாலையில் அவரிடம் கேட்பதை விட்டு, இன்று அது என்ன செய்தது, எதற்கு அழுதது என்று கேட்டால், அந்த ஒழுங்கு அங்கிருந்தே தொடங்கும்.