கார் லோனுக்குள் ஒளிந்திருந்த கமிஷன்: புகார் கொடுப்பது எப்படி?

யூகேவுல ஃபைனான்ஸ்ல கார் எடுத்தவங்களுக்கான எபிசோடு இது. உங்க லோனுக்காக டீலருக்கு எவ்வளவு கமிஷன் போச்சுன்னு நீங்க கேட்கலாம். அதுக்கு ஒரு பென்னி கூட செலவில்லை.

முதல்ல, இது எப்படி நடந்துச்சு? ஷோரூம்ல கார் விக்கிறவரே லோனையும் ஏற்பாடு பண்ணுவார், லெண்டர் அவருக்குக் கமிஷன் கொடுக்கும். அதுல மட்டும் தப்பில்லை. ஆனா பல ஒப்பந்தங்கள்ல வட்டி விகிதத்தையே டீலர் ஒரு எல்லைக்குள்ள ஏத்தி இறக்க முடிஞ்சது. வட்டி ஏறினா அவர் கமிஷனும் ஏறும். நம்ம பாஷையில சொன்னா, நாம கட்டற வேரியபிளை மாத்துற பர்மிஷன், அதுல லாபம் பார்க்கறவர் கையில இருந்துச்சு.

ஒரு உதாரணக் கணக்கு: 10,000 பவுண்டு, 4 வருஷம். வட்டி 5 சதவீதத்துக்குப் பதிலா 8 ஆனா, மாசம் 13, 14 பவுண்டுதான் கூடும். கவனிக்கவே மாட்டோம். மொத்தத்துல 650 பவுண்டு கிட்ட போயிடும்.

இந்த முறையை நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏ 2021 ஜனவரி 28 முதல் தடை பண்ணுச்சு. 2025 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் மூணு வழக்குகள்ல தீர்ப்பு சொன்னது. ரெண்டுல லெண்டர்கள் ஜெயிச்சாங்க. ஒண்ணுல மட்டும் கஸ்டமர். அவர் லோன்ல கமிஷன் 1,650.95 பவுண்டு, அதாவது கடன் தொகையில சுமார் கால்வாசி! ஆக, கமிஷன் இருந்தாலே காசு திரும்ப வரும்னு நினைக்க வேண்டாம். எவ்வளவு, எப்படி மறைச்சாங்கங்கறதுதான் கேள்வி. அதே வருஷம் அக்டோபர்ல எஃப்சிஏ முன்வச்ச இழப்பீட்டுத் திட்டம், 2007 ஏப்ரல் 6 முதல் 2024 நவம்பர் 1 வரையிலான ஒப்பந்தங்களைப் பத்தினது.

நானும் 2019ல பிசிபியில எடுத்த காருக்கு லெண்டருக்கு எழுதினேன். இமெயில் அரைப் பக்கம்தான். அதுல என்ன இருக்கணும்?

ஒண்ணு: பேர், அப்போ இருந்த முகவரி, கார் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர், ஒப்பந்த எண் இருந்தா அதுவும். வாடகை வீடு மாறிக்கிட்டே இருக்கறவங்க பழைய முகவரியை மறக்காதீங்க.

ரெண்டு: மூணு கேள்வி. கமிஷன் கொடுத்தீங்களா? எவ்வளவு? வட்டியை டீலர் மாத்த முடிஞ்சதா?

மூணு: "இதை முறையான புகாரா எடுத்துக்கோங்க"ன்னு ஒரு வரி.

அனுப்ப வேண்டியது லெண்டருக்கு, டீலருக்கு இல்லை. லெண்டர் பேர் தெரியலையா? பழைய பேங்க் ஸ்டேட்மென்ட்ல மாசாமாசம் யாருக்குப் பணம் போச்சுன்னு பாருங்க. கிரெடிட் ரிப்போர்ட்லயும் முடிஞ்ச லோன் 6 வருஷம் வரை தெரியும்.

பதில் உடனே வரும்னு எதிர்பார்க்காதீங்க. வழக்கமான 8 வாரக் கெடுவை இந்தப் புகார்களுக்கு எஃப்சிஏ 2024 ஜனவரியிலிருந்தே நிறுத்தி வைக்க ஆரம்பிச்சது. அனுப்பின தேதி, பதில் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல வைங்க. இறுதிப் பதில் திருப்தியா இல்லேன்னா, பொதுவா 6 மாசத்துக்குள்ள ஃபைனான்சியல் ஆம்பட்ஸ்மன் சர்வீஸுக்குப் போகலாம். அதுவும் இலவசம்.

கடைசியா ஒண்ணு. "நாங்க வாங்கித் தர்றோம்"னு ஃபோன் பண்றவங்க, கிடைக்கறதுல 30 சதவீதம் வரை எடுத்துக்கலாம், அதுக்கு மேல வாட் வேற. ஒரு கமிஷனைக் கேள்வி கேட்கப் போய், இன்னொரு கமிஷனுக்குக் கையெழுத்துப் போடாதீங்க.