பூவுக்கு நியாய விலை

வாசனைத் திரவியம் என்றால் வசதி படைத்தவர்களின் ஆடம்பரப் பொருள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். கனடாவின் ஹலிபாக்ஸ் பகுதியைச் சேர்ந்த பார்ப் ஸ்டெகமன் என்ற பெண், அந்தச் சிறு போத்தலின் மூலம் யுத்தம் கண்ட நாடுகளின் விவசாயிகளுக்கு வருமானம் தேடிக் கொடுத்தார்.

அவருடைய நெருங்கிய நண்பர் டிரெவர் கிறீன், கனடா இராணுவ அதிகாரி. 2006 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் கந்தகார் மாகாணத்தில் ஊர்ப் பெரியவர்களோடு பேச அமர்ந்த அவர், மரியாதைக்காகத் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தார். பின்னாலிருந்து வந்த ஒருவன் கோடரியால் அவர் தலையில் வெட்டினான். அவர் உயிர் தப்பினார். அவர் விட்ட பணியைத் தன்னால் இயன்ற வழியில் தொடர ஸ்டெகமன் விரும்பினார்.

அக்காலத்தில் ஆப்கானிஸ்தானில் பல குடும்பங்கள் அபின் செடியை நம்பியே வாழ்ந்தன. ஆனால் ஜலாலாபாத்தில் ஒருவர் தோடம்பூவிலும் ரோசாவிலும் எண்ணெய் வடிப்பதை ஸ்டெகமன் அறிந்தார். 1 கிலோ தோடம்பூ எண்ணெய்க்கு ஏறத்தாழ 1,000 கிலோ பூ வேண்டும். அத்தனை பூவையும் கையால் பறிக்க வேண்டும். அந்த உழைப்புக்கு நல்ல விலை கிடைத்தால் அபினைக் கைவிட வழி பிறக்கும் அல்லவா?

ஸ்டெகமனுக்கு வாசனைத் தொழிலில் முன் அனுபவம் இல்லை. பெரிய மூலதனமும் இல்லை. தன் கடன் அட்டையில் எண்ணெயை வாங்கினார். தேர்ந்த கலவையாளரின் துணையோடு, 2010இல் 'செவன் வேர்ச்சூஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தன் திட்டத்தை விளக்கி முதலீடும் பெற்றார்.

அடுத்து 2010 பூமியதிர்ச்சியால் நொந்த ஹெயிட்டியிலிருந்து வெட்டிவேர் எண்ணெய் வாங்கினார். நம் வீடுகளில் தண்ணீர்ப் பானையில் போடும் அதே வெட்டிவேர்தான். உலகச் சந்தையில் அதற்கு வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயரும் தமிழிலிருந்து போனதே. ருவாண்டாவிலிருந்து பச்சோலி எண்ணெயும் வந்தது. இன்னொரு போத்தலில், பகை நாடுகளான இஸ்ரேல், ஈரான் இரண்டினதும் எண்ணெய்களை ஒன்றாகக் கலந்தார்.

இந்தப் பெண் கொடுத்தது நன்கொடை அல்ல. உழைப்புக்கு உரிய விலை. நன்கொடை ஒருநாள் நின்றுவிடும். நல்ல சரக்கை நியாய விலைக்கு வாங்குபவரோ அடுத்த பருவத்திலும் வருவார்.

சகோதரிகளே, பனையோலைப் பெட்டியோ மிளகாய்த்தூளோ, நாம் செய்யும் பொருளுக்கும் இது பொருந்தும். வாங்க வருபவர் இரக்கப்பட்டுத் தருவதை ஏற்பதற்கு முன், நம் பொருளின் விலையை நாமே கணக்கிட்டு வைத்திருப்போம். அதில் நம் கைக்கூலியையும் மறவாமல் சேர்ப்போம்.