பன்னிரண்டரை மணிக்குக் கதவைத் திறப்பது யார்?



ஐதராபாத்தில் மார்ச் மாதத்தின் நடுவில் வெயில் ஏறத் தொடங்கியதும் பள்ளியிலிருந்து ஒரு சிறு அறிவிப்பு வருகிறது. இனி வகுப்புகள் அரை நாள் மட்டுமே நடைபெறும் என்பதே அதன் சாரம். கொடும் வெப்பத்தினின்று பிள்ளைகளைக் காக்கும் நல்ல ஏற்பாடுதான் அது. ஆயினும் கணவனும் மனைவியும் முழுநேர வேலைக்குச் செல்லும் வீடுகளில் அந்த அறிவிப்பு பெருங்கலக்கத்தை உண்டாக்கிவிடுகிறது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தந்தை செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியர். தாய் மெட்டுகுடாவில் மெட்ரோ ரயில் ஏறி, ஹைடெக் சிட்டியில் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதச் செல்கிறார். மகளுக்குப் பன்னிரண்டு வயது. மகனுக்கு ஏழு வயது. சொந்த ஊராக இருந்தால் சித்தியோ அத்தையோ அடுத்த தெருவில் இருப்பார்கள். இங்கே அடுத்த வீட்டாரின் மொழியே இன்னும் பழகவில்லை. பகல் 12.30 மணிக்குப் பள்ளி முடிகிறது. தாய் வீடு திரும்ப மாலை 7 மணி ஆகிறது. இடைப்பட்ட ஆறரை மணி நேரத்துக்குப் பொறுப்பு யார்?

வீட்டுச் சாவி மகளின் புத்தகப்பைக்குள் போகிறது. தம்பிக்குச் சோறு போடுவதும், கதவைத் தாழிடுவதும், அவன் அழுதால் தேற்றுவதும் அவள் பொறுப்பாகின்றன. இது யாரும் அமர்ந்து பேசி எடுத்த முடிவன்று. பெரியவர்கள் முடிவெடுக்காமல் விட்டதனால், சுமை தானாகவே அந்தப் பிள்ளையின் தோளில் விழுந்துவிட்டது.

திடீரென வருவதா?

இந்த நெருக்கடி எதிர்பாராதது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மை அப்படியன்று. 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் தெலங்கானாவில் அரை நாள் பள்ளி மார்ச் 15 அன்று தொடங்கி ஏப்ரல் 23 வரை நடந்தது. காலை 8 மணி முதல் 12.30 வரை வகுப்பு. அதன்பின் ஏப்ரல் 24 முதல் ஜூன் 11 வரை கோடை விடுமுறை. முன்னது 40 நாட்கள். பின்னது 49 நாட்கள். ஆக, ஏறத்தாழ மூன்று மாதங்கள்! இதனுடன் தசரா விடுமுறை அவ்விரு ஆண்டுகளிலும் 13 நாட்கள். சங்கராந்தி விடுமுறை வேறு.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மையங்களாக அமையும் பள்ளிகளில், தேர்வு முடியும்வரை அரை நாள் வகுப்புகள் பிற்பகலுக்கு மாறுகின்றன. அக்காளும் தம்பியும் வெவ்வேறு பள்ளிகளில் படித்தால், ஒருவர் வீடு திரும்பும் வேளையில் மற்றவர் புறப்பட வேண்டியிருக்கும். இவையெல்லாம் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே காலத்தில் வருகின்றன. அப்படியானால் ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தவுடனேயே அடுத்த மார்ச்சுக்கான ஏற்பாட்டைப் பேசத் தொடங்கலாம் அல்லவா?

சுமை யார்மீது?

மத்திய அரசு 2024ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வை நோக்குங்கள். 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 விழுக்காட்டினர் குடும்பத்தாரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட்டனர். ஆண்களில் 21.4 விழுக்காட்டினரே ஈடுபட்டனர். அப்படி ஈடுபட்டவர்களிலும் பெண்கள் நாளொன்றுக்கு 140 நிமிடங்கள் செலவிட்டனர். ஆண்கள் 74 நிமிடங்கள்.

நாம் எண்ணிப்பார்த்த குடும்பத்தில் தந்தையின் அலுவலகமே வீட்டுக்கு அருகில் உள்ளது. ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியிலிருந்து அழைப்பு ஹைடெக் சிட்டிக்கே போகிறது. ஏனெனில் பள்ளிப் பதிவேட்டில் தாயின் எண்ணே முதலில் எழுதப்பட்டுள்ளது. தகப்பன்மாரே, அந்த எண்ணை மாற்றி எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதன் முதற்படி அதுவாகவே இருக்கட்டும்.

சட்டம் தரும் உதவி

2017ஆம் ஆண்டு திருத்தப்பட்ட பேறுகாலப் பயன் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்த்துவரவும் அனுமதித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்விரு உரிமைகளும் உள்ளன. உங்கள் நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

மத்திய அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2008 முதல் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. 18 வயதுக்குட்பட்ட மூத்த இரு பிள்ளைகளுக்காகப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாட்கள் வரை எடுக்கலாம். ஒரு முறைக்குக் குறைந்தது 5 நாட்கள் எடுக்க வேண்டும். மனைவியை இழந்த தகப்பன் போன்று தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் 2018 முதல் இவ்விடுப்பு உண்டு. தெற்கு மத்திய ரயில்வேயின் தலைமையகம் இருக்கும் நகரம் இது. நம்மில் பலருக்கு இது பயன்படும்.

எனினும், காப்பகம் கைக்குழந்தைக்கு உதவும். ஏழு வயதுப் பள்ளிப் பிள்ளைக்கு உதவாது. அங்கே நாமேதான் வழி தேட வேண்டும்.

செய்யக்கூடியவை

1. ஓர் ஆண்டு அட்டவணை எழுதுங்கள். பள்ளி நாட்காட்டியும் இருவரின் விடுப்புக் கணக்கும் ஒரே தாளில் இருக்கட்டும். இருவரும் ஒரே நாளில் விடுப்பு எடுத்து வீணாக்காமல், முன்னும் பின்னுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

2. கோடையில் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் அனுப்புவதானால் சீட்டை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. ஏப்ரல் 24 பயணத்துக்குப் பிப்ரவரி கடைசி வாரத்தில் விழிப்பாயிருக்க வேண்டும்.

3. ஊரிலிருந்து பாட்டியை வரவழைப்பதானால், அவர் சம்பளமில்லாத ஆயா அல்லர் என்பதை மறவாதீர்கள். மொழி தெரியாத நகரில், நான்காவது மாடியில், பகல் முழுவதும் தனிமையில் இருப்பது அவருக்கும் பாரமே. ஆட்டோக்காரரின் பெயரையும் அவசர எண்களையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஞாயிறு ஒரு நாளாவது சமையலறையிலிருந்து அவருக்கு ஓய்வு கொடுங்கள்.

4. ஒரே பகுதியில் வாழும் மூன்று நான்கு குடும்பங்கள் முறைவைத்துக்கொள்ளுங்கள். பகலில் வீட்டில் இருக்கும் ஒரு தாய்க்கு, உணவுச் செலவுடன் உரிய தொகையும் கொடுத்து ஒழுங்குபடுத்தலாம். அன்பின் பெயரால் இலவசமாக வாங்கும் உழைப்பு நெடுநாள் நிலைக்காது.

5. சற்று நேரம் பிள்ளைகள் தனித்திருக்க நேர்ந்தால் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, மொட்டைமாடி ஆகிய மூன்றும் கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். 112, 1098 ஆகிய எண்களை மனப்பாடம் செய்வியுங்கள்.

பூட்டிக் கிடக்கும் கூடம்

நம் சபைக் கூடங்கள் பல, வாரநாட்களின் பகலில் பூட்டியே கிடக்கின்றன. மின்விசிறி உண்டு, தண்ணீர் உண்டு, பாய் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் நம்மிடையே உண்டு. அந்த நாற்பது நாட்களுக்கு மட்டும் பகல் ஒரு மணி முதல் மாலை வரை பிள்ளைகள் அங்கே உண்டு, உறங்கி, படிக்கலாமே! எந்நேரமும் பெரியவர் இருவராவது இருத்தல் வேண்டும். எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவருடன் தனித்திருக்கலாகாது. வரும் நேரமும் போகும் நேரமும், அழைத்துச் செல்பவரின் கையொப்பமும் பதிவேட்டில் ஏற வேண்டும். தெரிந்தவர்தானே என்று இந்த ஒழுங்கைத் தளர்த்தாதீர்கள்.

பெற்றோரே, நம் பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகவே இருவரும் உழைக்கிறோம் என்கிறோம். அது உண்மையே. ஆனால் பன்னிரண்டு வயது மகள் தன் மாலை விளையாட்டையும் படிப்பையும் விட்டுத் தம்பிக்குத் தாயாகிக்கொண்டிருந்தால், நம் உழைப்பின் விலையில் ஒரு பங்கை அவளும் செலுத்துகிறாள். இன்றிரவு உணவு முடிந்தபின் நாட்காட்டியை எடுத்து வைத்து இருவரும் சேர்ந்து அமருங்கள். மார்ச் 15 அன்று பகல் பன்னிரண்டரை மணிக்குக் கதவைத் திறக்கப்போகும் பெரியவர் யார் என்று அந்த நாளுக்கு நேராக எழுதுங்கள். மகளின் பையிலிருக்கும் சாவியை அவள் கேட்காமலே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.